பனியும் பனையும்

‘பனி’, ‘பனை’ என்னும் இரு சொற்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், அவற்றிடையே உள்ள வேறுபாடு மிகச் சிறிது என்பது விளங்கும். ஆனால் அச்சொற்கள் குறிக்கும் பொருள்களோ ஒன்றுக்கொன்று பகை என்றே நம்மில் பலரும் எண்ணி வந்திருக்கிறோம். நானும் அவ்வாறே எண்ணினேன்; எண்ணியதோடு நில்லாமல், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மாணவர்களுக்கு அவ்வாறே கற்பித்தும் வந்தேன். அவ்வெண்ணத்தில் மெய் எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் பனையை அறியாதிருத்தல் இயலாது. நகரை விட்டு எத்திசையில் சென்றாலும் ஏரிக்கரைகளில் பனைகள் வரிசையாக நிற்கக் காணலாம். நகருக்கு அணித்தேயுள்ள திருப்பனங்காடு தன் பெயரையே பனையிடமிருந்து பெற்றது. அங்குள்ள திருக்கோயிலின் தலமரமும் பனையே. தெற்கே செய்யாற்றங்கரையில் உள்ள திருவோத்தூரில், திருஞானசம்பந்தர் பதிகம் பாட, காயாத ஆண்பனைகள் குலை ஈன்றன என்று பெரியபுராணம் கூறுகிறது. பனையில் ஆண், பெண் என இரு வகை உண்டு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கும் இவ்வரலாறு சான்றாகும்.

பனியோ, எங்கள் ஊரில் மார்கழித் திங்களின் விருந்தாளி. விடியற்காலையில் நெசவாளர்கள் தெருவில் பாவை நீட்டும்போது, மூடுபனி கலைந்து வெயில் ஏறட்டும் என்று சற்றுக் காத்திருப்பார்கள். குளிரின் கொடுமை அவ்வளவே. நம் மொழியில் ‘பனி’ என்னும் ஒரே சொல் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் குறிக்கும். இமயத்தின் முடியில் உறைந்து கிடக்கும் வெண்பாறையையும் குறிக்கும். முன்னதையே கண்டு வளர்ந்த நாங்கள் பின்னதைப் பாடநூலின் படத்தில்தான் கண்டோம்.

நான் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, பணியில் சேர்ந்த நாலைந்து ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. ஆண்டு 1986. எட்டாம் வகுப்பில் தட்பவெப்ப மண்டலங்களைப் பற்றிய பாடம். ‘பனை வெப்ப நாட்டு மரம், உறைபனி விழும் நாட்டில் அது வளராது’ என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அவன் தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர்; வடக்கே குமாவோன் மலைநாட்டில் பித்தோராகட் என்னும் ஊரில் குடும்பத்தோடு சில காலம் இருந்துவிட்டு, பையனைப் படிப்புக்காகப் பிள்ளையார்பாளையத்தில் உள்ள பாட்டனார் வீட்டில் விட்டிருந்தார்.

“சார், அந்த ஊர் மலையிலே பனி கொட்டும்; அந்தப் பனியிலேயே பனைமரம் நிற்கும். நான் பார்த்திருக்கிறேன்” என்றான் அவன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பை அடக்க வேண்டிய நானோ, “தம்பி, பனிக்கும் பனைக்கும் எழுத்தில்தான் உறவு, உட்கார்” என்றேன். சிரிப்பு இரு மடங்காயிற்று. பையன் உட்கார்ந்துவிட்டான். என் சொல்திறனை எண்ணி அன்று நான் மகிழ்ந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இக்கதையின் முடிவைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில், பனை ஏன் குளிருக்கு அஞ்சுகிறது என்பதைக் காண்போம்.

தொல்காப்பியர் தம் மரபியலில், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்தார். அம்முறைப்படி பனையும் தெங்கும் புல்லினமே. இற்றைத் தாவரநூலாரும் அவற்றை நெல், மூங்கில் முதலியவற்றோடு ஒருவித்திலைத் தாவரங்களில் சேர்க்கின்றனர். வேம்பு, ஆல் போன்ற மரங்களின் பட்டைக்கடியில் ஆண்டுதோறும் புதுக்கட்டையை ஆக்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. ஒரு பகுதி பழுதுபட்டால் புதிய பகுதி தோன்றி அதன் பணியை ஏற்கும். பனைக்கு அப்படலம் இல்லை. இளமையில் தோன்றிய நாளங்களே மரம் உள்ளளவும் நீரை மேலே ஏற்ற வேண்டும். நம் நாட்டுப் பனைக்குக் கிளையும் இல்லை. உச்சியில் உள்ள ஒரே குருத்துதான் அதன் உயிர்நிலை. ஓலைகள் கருகினாலும் குருத்திலிருந்து புதிய ஓலை வரும். குருத்தே உறைந்து அழுகிவிட்டால், நூறு அடி மரமும் வெறுங்கம்பமாகிவிடும். மற்றொன்றும் உண்டு. குளிர்நாட்டு மரங்கள் பல, கூதிர் வந்ததும் இலைகளை உதிர்த்து உறங்குகின்றன; பனைக்கு அவ்வழக்கம் இல்லை. ஆண்டு முழுவதும் பசுமையாகவே நின்று குளிரை எதிர்கொள்ள வேண்டும்.

ஆகவே, நான் கரும்பலகையில் எழுதியது முழுப் பிழையன்று. நம் பனைக்கும் தெங்குக்கும் அது மெய்யே. பிழை எங்கே என்றால், நான் அறிந்த பனையே பனை என்று கருதியதில்தான். பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,500 இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பலவும் வெப்ப நாடுகளுக்கு உரியன. ஒரு சிலவே பனியோடு பழகியவை.

பனையைக் குளிர்நாட்டிற்குக் கொண்டு செல்லும் ஆசை மனிதனுக்கு மிகப் பழமையானது. அரிஸ்டாட்டிலின் மாணாக்கரான தியோபிராஸ்டஸ் என்னும் கிரேக்க அறிஞர், கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே இதனைக் கருதிப் பார்த்தார். பாபிலோனில் இனிய கனி தரும் பேரீச்சை, கிரேக்க மண்ணில் வளர்ந்தாலும் கனியை முதிர்விப்பதில்லை என்று அவர் எழுதிவைத்தார். மரம் உயிரோடிருத்தல் வேறு, பயன் தருதல் வேறு என்னும் நுட்பத்தை இவ்வாறு முதலில் குறித்தவர்களுள் அவர் ஒருவர்.

எட்டாம் நூற்றாண்டில், தமாஸ்கஸ் நகரில் தம் குலத்தார் ஆட்சியை இழந்து கொல்லப்பட, தப்பியோடிய உமய்யா இளவரசர் ஒருவர், 756-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் கார்டோபாவில் அரசை நிறுவினார். முதலாம் அப்துல் ரகுமான் என்பது அவர் பெயர். தாம் அமைத்த தோட்டத்தில் பேரீச்சை ஒன்றைக் கண்டு, ‘நீயும் என்னைப் போல் தாய்நாட்டை விட்டுத் தொலைவில் வந்து நிற்கிறாய்’ என்னும் கருத்தில் அவர் பாடியதாக மரபு கூறும். அதே நாட்டு எல்ச்சே நகரில் அராபியர் காலத்தில் உருப்பெற்ற பேரீச்சந்தோப்பை, 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. தாய்நாட்டை இழந்தவர்கள் தங்களோடு முதலில் எடுத்துச் செல்லும் பொருள்களுள் விதையும் ஒன்று என்பதற்கு இத்தோப்பு சான்று கூறுகிறது.

ஆனால் ஸ்பெயினின் தென்பகுதியில் கூதிர்காலம் மிதமானது. அதற்கு வடக்கே செல்லச் செல்ல, பனைக்குக் கூரை வேண்டியதாயிற்று. இத்தாலியின் பாதுவா நகரில், 1545-ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் இன்றும் உள்ளது. அங்கே 1585-ஆம் ஆண்டில் ஒரு குட்டைப் பனை நடப்பட்டது. மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதிக்கு உரிய இவ்வினமே, ஐரோப்பியப் பெருநிலத்தில் இயற்கையாக வளரும் பனை. ஆயினும் பாதுவாவின் பனிக்காலத்திற்கு அஞ்சி அதனைச் சுற்றிக் காப்பறை அமைத்தார்கள். 1786-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கவிஞர் கதே அத்தோட்டத்திற்கு வந்தார். அப்பனையின் அடி ஓலைகள் எளிய ஈட்டி வடிவிலும், மேலே செல்லச் செல்லப் பிளவுற்று விசிறி வடிவிலும் அமைந்திருப்பதை உற்று நோக்கினார். ஓர் உறுப்பே படிப்படியாக வேறுபட்டுச் செடியின் பல உறுப்புகளாகிறது என்னும் எண்ணம் அவருள் வளர இக்காட்சி துணை செய்தது. 1790-ஆம் ஆண்டில் தாவர உருமாற்றம் பற்றிய நூலை அவர் வெளியிட்டார். நடப்பட்டு 430 ஆண்டுகளுக்கு மேலாகியும், கண்ணாடி மாடத்துள் அப்பனை இன்றும் நிற்கிறது. ‘கதேயின் பனை’ என்றே அதற்குப் பெயர்.

செடிகொடிகளுக்கெல்லாம் இருசொற் பெயரிட்ட சுவீடன் நாட்டு லின்னேயஸ், பனைகளைத் தாவர உலகின் அரசர்கள் என்று சிறப்பித்தார். அவரோ பனிநாட்டவர், பனை தானாக வளரும் நிலத்தில் ஒரு நாளும் கால் வைத்தவர் அல்லர். காணாத அரசர்களுக்கு அவர் முடிசூட்டினார். அவ்வரசர்களுக்கு அரண்மனை கட்டும் பணி, அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வாய்த்தது.

இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில், 1844 முதல் 1848 வரை ஒரு பனைமாளிகை எழுந்தது. டெசிமஸ் பர்ட்டன் என்னும் கட்டடக்கலைஞரும், ரிச்சர்டு டர்னர் என்னும் அயர்லாந்து இரும்புத் தொழில் வல்லுநரும் சேர்ந்து அதனை அமைத்தனர். நீளம் 363 அடி. நடுப்பகுதியின் உயரம் 66 அடி. கப்பல் கட்டும் முறையிலிருந்து இரும்பு வளைவுகளின் நுட்பத்தைக் கற்று, ஏறக்குறைய 16,000 கண்ணாடிப் பலகைகளை அவற்றில் பொருத்தினார்கள். 1845-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்ணாடிமீதிருந்த வரி நீக்கப்பட்டதும், இத்தகைய மாளிகைகள் பெருக ஒரு காரணமாயிற்று. நிலவறையில் கொதிகலன்கள் நிலக்கரியை உண்டு வெந்நீரைக் குழாய்களில் செலுத்தின. புகை மரங்களைத் தீண்டாதிருக்க, நிலத்தடிச் சுரங்கத்தின் வழியே தொலைவில் உள்ள ஒரு கோபுரத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. சாளரத்திற்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே தென்னையும் பாக்கும் வியர்த்து நின்றன.

வியக்கத்தக்க செயல் இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்மாளிகையின் மறுபக்கத்தையும் வரலாற்று மாணவன் நோக்க வேண்டும். பனைகளை அங்கே கொண்டுசேர்த்தவை கடல்கடந்த ஆட்சியும் வாணிகமுமாகும். அவற்றைக் காத்தது ஓயாது எரிந்த நெருப்பு. ஒரு கூதிர் இரவில் நெருப்பு அணைந்தால், பல ஆண்டு உழைப்பு விடிவதற்குள் பாழாகிவிடும். மரத்திற்காக ஒரு வெப்பநாட்டையே செயற்கையாகப் படைப்பது முதல் வழி. அது செல்வர்க்கும் அரசர்க்குமே இயலும்.

இரண்டாம் வழி ஒன்று உண்டு. அது, குளிரைத் தானே தாங்கும் பனையைத் தேடிக் காணுதல்.

வரலாற்றின் விந்தையைப் பாருங்கள். பனைமாளிகை முடிந்த 1848-ஆம் ஆண்டிற்கு அடுத்த ஆண்டே, மாளிகை வேண்டாத பனைகள் சில அதே தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. அவற்றை அனுப்பியவர் ராபர்ட் பார்ச்சூன் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞர். சீனத்தின் கீழ்க்கரையை ஒட்டிய சூசன் தீவில் இப்பனையை அவர் கண்டார். குளிர்ந்த கூதிர்காலம் உடைய அத்தீவில், உழவரும் சுமையாளரும் அதன் அடிமரத்தைப் பொதிந்திருக்கும் மயிர்போன்ற நாரைக் கொண்டு மழைக்காப்புப் போர்வை செய்து அணிந்தனர். பனையின் நார் மரத்திற்கும் போர்வை, மனிதனுக்கும் போர்வை. இதற்கு முன்பே 1830-ஆம் ஆண்டில், சீபோல்டு என்னும் மருத்துவர் ஜப்பானிலிருந்து இவ்வினத்தின் விதைகளை ஹாலந்து நாட்டு லெய்டனுக்கு அனுப்பியிருந்தார். எனினும், திறந்த வெளியில் இது வாழும் என்னும் நம்பிக்கையை இங்கிலாந்தில் ஊட்டியவர் பார்ச்சூனே. கியூவுக்கு வந்த கன்றுகளுள் ஒன்று விக்டோரியா அரசியாரின் ஆஸ்பர்ன் மாளிகைத் தோட்டத்திற்குச் சென்றது. இன்று ஐரோப்பாவின் பல நகரங்களில் வீட்டு வாயில்களில் நிற்கும் விசிறிப்பனை இவ்வினமே. உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகை செல்ஷியஸுக்கும் மேற்பட்ட குளிரை வளர்ந்த மரம் தாங்கும். பார்ச்சூனின் பெயரே அதன் அறிவியற்பெயரிலும் நிலைத்துவிட்டது.

சீனத் தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து நம் இமயமலைச் சரிவுகளில் பரப்பிய பார்ச்சூனும் இவரே. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஏவலால் 1848-க்கும் 1851-க்கும் இடையே அவர் அப்பணியைச் செய்தார். சீனத்திலிருந்து பனையை எடுத்து மேற்கே அனுப்பிய அக்காலத்திலேயே, அவர் தேயிலை கொண்டுவந்த இமயச் சரிவுகளுள் ஒன்றான குமாவோனில் மற்றொரு பனி தாங்கும் பனை வளர்ந்துகொண்டிருந்தது.

அப்பனையைத்தான் என் மாணவன் கண்டான்.

பித்தோராகட் நகருக்கு அருகே தல்கேதார் என்றொரு மலை உண்டு. ஏறத்தாழ 8,000 அடி உயரம். முடியில் சிவபெருமான் கோயில். ‘தாகில்’ என்று பழைய நூல்களில் குறிக்கப்படும் அம்மலையின் ஈரமான சரிவுகளில், கருவாலி மரங்களுக்கிடையே இப்பனைகள் வளர்கின்றன. கூதிர்காலத்தில் அங்கே பனி பெய்து நிலத்தை மூடும். 1840-களில் மேஜர் மேடன் என்னும் படை அதிகாரி குமாவோனின் பனைகளைப் பற்றி எழுதினார். பின்னர், சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த டூத்தி, 1880-களில் இம்மரத்தின் விதைகளை இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் வாழ்ந்த ஒடோவார்டோ பெக்காரிக்கு அனுப்பினார். சுமத்திரா காடுகளில் உலகின் மாபெரும் கிளையற்ற பூங்கொத்தை உடைய செடியை 1878-ஆம் ஆண்டில் கண்டறிந்து புகழ்பெற்றவர் பெக்காரி. அவர் அவ்விதைகளை ஊன்றி, முளைக்க வைத்து, ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, 1905-ஆம் ஆண்டில் இது தனி இனம் என்று உலகுக்கு அறிவித்தார். அம்மலையின் பெயராலேயே அதற்கு ‘டிராக்கிகார்பஸ் டாக்கில்’ என்று பெயர் சூட்டினார். ஒரு மரத்தின் பெயரை உறுதி செய்ய ஓர் அறிஞர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொறுத்திருந்தார். நானோ இருபது நொடியில் தீர்ப்புக் கூறினேன்!

இத்தகைய பனைகள் குளிரை வெல்வது எவ்வாறு? சூசன் பனையைப் பார்ப்போம். அதன் அடிமரம் நாராலும் பழைய மட்டைகளாலும் பொதியப்பட்டிருக்கிறது. குருத்து, இளமட்டைகளின் அடியில் ஆழப் புதைந்திருக்கிறது. வளர்ச்சி மெதுவானது. எனினும் நீண்ட நாள் ஈரத்தோடு கூடிய உறைபனி அதற்கும் ஆபத்தே. குருத்தில் தேங்கும் நீர் உறைந்து, உருகி, மீண்டும் உறைந்தால் அழுகல் நோய் பற்றும். ஆதலின் குளிர்நாட்டில் பனை வளர்ப்போர் சில முறைகளைக் கையாள்கின்றனர். வடகாற்றுக்கு மறைவாக, தெற்கு நோக்கிய சுவரை ஒட்டி நடுவார்கள். நீர் தேங்காதபடி மண்ணில் மணலும் சரளையும் கலப்பார்கள். கூதிர் தொடங்குமுன் ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, வைக்கோலாலும் துணியாலும் போர்த்தி, வேரைச் சுற்றிச் சருகுகளைப் பரப்புவார்கள். வேனிலின் தொடக்கத்தில் நட்டு, குளிர் வருமுன் வேர் ஊன்ற இடம் கொடுப்பார்கள். மரம் இளமையாயிருக்கும் முதற் சில ஆண்டுகளே கடினமானவை. அவற்றைக் கடந்துவிட்டால் அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வளரும் ஊசிப்பனை என்னும் குட்டை இனம், உறைநிலைக்குக் கீழே 20 பாகைக் குளிரையும் தாங்கவல்லது. பனை இனங்களிலேயே குளிர் தாங்குவதில் முதன்மை பெற்றவற்றுள் அதுவும் ஒன்று.

மற்றொரு செய்தி இன்னும் வியப்புக்குரியது. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னர், உலகம் இன்றைவிட மிக வெப்பமாக இருந்த காலத்தில், இன்றைய இலண்டன் பகுதியிலேயே பனைகள் வளர்ந்தன. தேம்சு ஆற்றின் கழிமுகத்தில் உள்ள ஷெப்பி தீவின் களிமண்ணில், நிப்பா என்னும் நீர்ப்பனையின் கனிகள் கல்லாகிக் கிடக்கின்றன. இன்று அப்பனை சுந்தரவனம் போன்ற வெப்பநாட்டுக் கழிமுகங்களில் வளர்கிறது. கியூவில் கண்ணாடியாலும் நெருப்பாலும் கொண்டுவந்த வெப்பம், அந்நாட்டில் ஒரு காலத்தில் இயற்கையாகவே இருந்தது. ஒரு மரத்தின் தாய்நாடு இது என்று நாம் வரையும் கோடு, காலத்தின் கணக்கில் நிலையானதன்று.

அக்கோடு நம் கண்முன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் தெற்கே டிச்சினோ என்னும் மாநிலத்தில், அழகுக்காக நடப்பட்ட சீனப் பனைகளின் கனிகளைப் பறவைகள் உண்டு, விதைகளைக் காடுகளில் பரப்பின. கூதிர்காலங்களின் கடுமை குறைந்து வருவதால், அக்காடுகளில் பனங்கன்றுகள் பெருகி, உள்நாட்டுச் செடிகளை நெருக்குகின்றன. ஆகவே 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், அந்நாட்டில் இப்பனையை விற்பது தடை செய்யப்பட்டுள்ளது. விருந்தாளியாய் வரவேற்கப்பட்ட மரம் இன்று வேண்டா விருந்தாளி. ஆல்ப்ஸ் மலையடிவாரக் காட்டில் பனை பெருகுவதைக் கண்டு மகிழ்வதா, உலகம் வெப்பமுறுவதை எண்ணிக் கவல்வதா என்னும் வினாவுக்கு இளைஞராகிய நீங்கள்தாம் விடை காண வேண்டும்.

அயல்நாட்டில் இவ்வாறு பனை பெருக, தன் தாய்நிலத்தில் குமாவோன் பனையின் நிலை என்ன? நாருக்காகவும் கயிற்றுக்காகவும் வெட்டப்பட்டு, காட்டில் அது மிகவும் அருகிவிட்டது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அதன் விதையை விலை கொடுத்துத் தேடுகிறார்கள். பிறந்த மலையிலோ தேடித்தான் காண வேண்டும். நம் பனையின் நிலையும் இதற்கு வேறன்று. தமிழ்நாட்டின் மாநில மரம் என்னும் சிறப்பு அதற்கு உண்டு. ஏடாய் இருந்து நம் இலக்கியங்களைக் காத்தது அது; பதநீரும் நுங்கும் வெல்லமும் கிழங்கும் தந்தது அது. ஆயினும் செங்கற் சூளைகளுக்கு விறகாகப் பல்லாண்டுகள் அதனை வெட்டித் தள்ளினோம். 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. நம் ஏரிக்கரைப் பனைக்குக் கண்ணாடி மாளிகை வேண்டாம், கொதிகலன் வேண்டாம், வைக்கோற் போர்வை வேண்டாம். கோடரியினின்று காத்தால் போதும்.

இனி, என் மாணவனிடம் வருகிறேன்.

2007-ஆம் ஆண்டில் ஒரு விடுமுறை நாளில், நூலகத்தில் பனைகளைப் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குமாவோன், பித்தோராகட், பனி என்னும் சொற்கள் ஒரே பக்கத்தில் எதிர்ப்பட்டன. அப்பக்கத்தை மும்முறை படித்தேன். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் கேட்ட சிரிப்பு மீண்டும் என் செவியில் ஒலித்தது. நூலை எடுத்துக்கொண்டு, மறுநாள் மாலை பிள்ளையார்பாளையத்திற்குச் சென்றேன். அவர் அப்போது பாட்டனாரின் தறியிலேயே நெய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நாடாவை நிறுத்திவிட்டு எழுந்து, “வாங்க சார்” என்று பாய் விரித்தார். நான் நூலைத் திறந்து அவர்முன் வைத்து, “தம்பி, அன்று நீ சொன்னது மெய், நான் சொன்னதுதான் பிழை” என்றேன்.

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “சார், அன்றைக்கு எல்லாரும் சிரித்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான் பார்த்தது பனைதானா என்று. அந்தச் சந்தேகம் இன்றைக்குத்தான் தீர்ந்தது” என்றார்.

அச்சொல் என்னை வருத்தியது போல் வேறெதுவும் வருத்தியதில்லை. பிழையான செய்தியைக் கற்பித்தது சிறு குற்றம். நூலைத் திருத்தினால் அது நீங்கும். ஒரு சிறுவன் தன் கண்ணால் கண்டதையே ஐயுறும்படி செய்தது பெருங்குற்றம். அதற்கு இருபத்தொரு ஆண்டுகள் பிடித்தன. அதன்பின் பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை, தட்பவெப்பப் பாடத்தை எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் இந்நிகழ்ச்சியை மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். ‘பனை பெரும்பாலும் வெப்ப நாட்டு மரம்’ என்று எழுதினேன். ‘பெரும்பாலும்’ என்னும் சொல்லின் கீழ் ஒரு கோடும் இட்டேன்.

மாணவச் செல்வங்களே! தியோபிராஸ்டஸ், கதே, பார்ச்சூன், பெக்காரி ஆகிய அனைவரும் செய்தது ஒன்றே: தாம் கண்டதை உற்றுப் பார்த்தார்கள், கண்டபடி எழுதினார்கள். என் வகுப்பில் பின்வரிசையில் எழுந்து நின்ற சிறுவனும் அதையே செய்தான். நீங்கள் கண்டதை ஆசிரியர் மறுத்தால், பணிவோடு மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள். நாளை உங்களுள் ஆசிரியராவோர், பின்வரிசையிலிருந்து எழும் குரலைச் சிரித்து அமர்த்தாமல், ‘எங்கே கண்டாய், எப்போது கண்டாய்?’ என்று கேளுங்கள்.

அந்த நெசவாளர் வீட்டுச் சுவரில், இன்று ஒரு படம் மாட்டப்பட்டிருக்கிறது. பனி மூடிய சரிவு. அதில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பனை. அவ்வழியே செல்லும்போதெல்லாம் நான் அதனைப் பார்த்துவிட்டே செல்கிறேன்.